"ஒரு ராத்திரி ரயில்தானே"ன்னு சொன்ன புண்ணியவதிக்கு

வில்லுக்குறி வாசி:
நேத்து ஸ்கூல் வாட்ஸாப் குரூப்புல ஒரு அம்மா போட்ட மெசேஜைப் பாத்ததுல இருந்து மண்டை காயுது. அங்க பதில் போட்டா அட்மின் தூக்கிருவாரு, அதான் இங்க கொட்டுறேன். விஷயம் இதுதான். அந்தம்மாவுக்க ஃப்ரெண்டு ஒருத்தங்க, அழகியமண்டபம் பக்கம், டைவர்ஸ் ஆயாச்சு, 8 வயசுல ஒரு பய. ரெண்டு பேருக்கும் சேர்த்து கஸ்டடி, ஒரு வாரம் அம்மைகிட்ட, ஒரு வாரம் நாகர்கோவில்ல அப்பன்கிட்ட, நாலு வருஷமா சண்டை சச்சரவு இல்லாம போயிட்டு இருக்கு. இப்போ அவங்களுக்கு ரெண்டாம் கல்யாணம், மாப்பிள்ளை டாக்டர், சென்னையில கவர்மென்ட் காலேஜ்ல எம்எஸ் ஆர்த்தோ, அதான் எலும்பு டாக்டர் மேல்படிப்பு, சீட் கிடைச்சிருக்கு. பயலையும் கூட்டிட்டு சென்னைக்கு மாறுறாங்களாம். அதுக்கு இந்தம்மா எழுதுது, "சென்னை என்ன லண்டனா, ஒரு ராத்திரி ரயில்தானே, அப்பாவுக்கு பாசம் இருந்தா வந்து பாத்துக்கட்டும்"னு.

ஒரு ராத்திரி ரயில்தானாம். எட்டு வயசு பயலை ஒத்தைக்கு ரயில்ல ஏத்தி விடுவியளா? அப்போ ஒவ்வொரு தடவையும் கூட ஒரு ஆள் போகணும், அந்த ஆள் திரும்பி வரணும். அது ஒரு ராத்திரி இல்ல, நாலு ராத்திரி.

குழித்துறை ஜங்ஷன்:
அந்த மெசேஜ் போட்ட புண்ணியவதி நான்தான். வணக்கம் அண்ணே. அங்க நேருக்கு நேர் பேச தைரியம் இல்லாம இங்க வந்து பேரை மறைச்சு ஒப்பாரி வைக்குதியளா, நல்லாருக்கு. நான் எழுதினதுல பாதியைத்தான் போட்டிருக்கீங்க, "லீவு முழுக்க அப்பாகிட்ட இருக்கட்டும்"னும் எழுதியிருந்தேன், அதை எங்க முழுங்கினீங்க? அப்புறம் ராத்திரி ரயிலே வேண்டாம், வந்தே பாரத் விட்டிருக்கான், 2024 ஆகஸ்ட் 31ல இருந்து ஓடுது, எழும்பூர்ல காலையில 5 மணிக்கு ஏறினா மத்தியானம் 2 மணிக்கு முன்னாடி நாகர்கோவில். ஒம்பது மணி நேரம். அவ்வளவுதான்.

வில்லுக்குறி வாசி:
ஓ, நீங்கதானா. சரி, இப்போ ராத்திரி ரயில் போய் பகல் ரயில் வந்தாச்சு. கணக்கு போடுவோமா? சனிக்கிழமை 5 மணி வண்டிக்கு பயலை மூணரைக்கு எழுப்பணும். 1.50க்கு நாகர்கோவில்ல இறங்குவான். ஞாயிறு 2.20க்கு அதே வண்டி திரும்புது, அதுல ஏறினாத்தான் ராத்திரி 11 மணிக்கு எழும்பூர், திங்கக்கிழமை ஸ்கூல். அப்பன்கூட இருந்தது 24 மணி நேரம் 30 நிமிஷம், அதுல பத்து மணி நேரம் பய தூங்குவான். வண்டியில உக்காந்தது 17 மணி நேரத்துக்கு மேல. இப்போ வாரம் விட்டு வாரம் ஏழு நாள் கூட இருக்கிற அப்பனுக்கு நீங்க குடுக்குறது இதுதான். இதுக்குப் பேரு கஸ்டடியா, பரோலா?

கோட்டாறு சந்தை:
வந்தே பாரத்ல குடுக்குற உப்புமாவுக்கு பயலே வேண்டாம்னுருவான் மக்கா 😂

வடசேரி வக்கீல் குமாஸ்தா:
ரெண்டு பேரும் ஒரு நிமிஷம். கோர்ட் ஆர்டர்ல என்ன எழுதியிருக்கு? அதை யாருமே சொல்லலியே. 'ஜாயின்ட் கஸ்டடி'ன்னா இன்னதுன்னு நம்ம நாட்டுல எந்தச் சட்டத்துலயும் இல்ல, 2015ல லா கமிஷன் 257வது ரிப்போர்ட்டுல சேக்கணும்னு சொல்லிச்சு, அவ்வளவோட நிக்குது. அப்போ ஆர்டர்ல இருக்கிற வாசகம்தான் எல்லாம். 1890ம் வருஷ கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம் 26வது பிரிவுல, கோர்ட் நியமிச்ச கார்டியன் கோர்ட்டு அனுமதி இல்லாம பிள்ளையை அந்த எல்லையை விட்டுக் கொண்டு போகக்கூடாதுன்னு இருக்கு. இவங்க அதுல வருவாங்களான்னு ஆர்டரைப் பாத்தாத்தான் தெரியும்.

வில்லுக்குறி வாசி:
ஆர்டர் கிடக்கட்டும் சார். ஒரு ராத்திரி ரயில்னு சொன்னாங்களே, அதுக்கு முதல்ல பதில் வரட்டும்.

பழைய திருவிதாங்கூர்:
எனக்கு ஒரு சந்தேகம் மக்களே. ஆர்த்தோ படிக்க சென்னை வரைக்கும் என்னத்துக்கு போகணும்? திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் நாகர்கோவில்ல இருந்து 65 கிலோமீட்டர். காலம்பற பஸ் ஏறினா ரெண்டு, ரெண்டரை மணி நேரத்துல காலேஜ் வாசல்ல நிக்கலாம். எங்க காலத்துல 'மெடிக்கல் காலேஜ்'னு சொன்னாலே அதுதான், 1951ல தொடங்கினது. பய இங்கயே இருந்திருப்பான், ஒரு ராத்திரியும் வேண்டாம், ஒரு பகலும் வேண்டாம்.

டூட்டி ரூம்:
தாத்தா, பிஜி சீட்டு சந்தையில சாளை மீன் வாங்குற மாதிரி கிடையாது. நான் திங்கள்நகர், இப்போ சென்னையில செகண்ட் இயர். நீட் பிஜி ரேங்க் வந்ததும் கவுன்சிலிங்ல சாய்ஸ் ஃபில் பண்ணணும், அந்த ரவுண்டுல எது விழுதோ அதுதான். கவர்மென்ட் காலேஜ்ல பாதி சீட் ஆல் இந்தியா கோட்டா, எந்த மாநிலத்துக்காரனும் சேரலாம், நம்மாளு திருவனந்தபுரம் போகணும்னா அதுலதான் போகணும், அங்க ஆர்த்தோ கிடைக்க ரேங்க் வேணும். சும்மா கிலோமீட்டர் சொல்லாதீங்க.

பழைய திருவிதாங்கூர்:
மோனே, 2025 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டு, பிஜி மெடிக்கல்ல இருப்பிடத்தை வச்சு ஒதுக்கீடு குடுக்கக்கூடாதுன்னு சொல்லியாச்சு. பேப்பர் படிக்கணும். 65 கிலோமீட்டர்.

டூட்டி ரூம்:
அந்தக் காலேஜுலயே படிச்சவனுக்கு ஒரு பங்கு குடுக்கலாம்னும் அதே தீர்ப்புல இருக்கு. பேப்பரை முழுசா படிக்கணும்.

வில்லுக்குறி வாசி:
டாக்டரே, நீங்க வந்தது நல்லதாப் போச்சு. ஒண்ணு கேக்கேன், சத்தியமா சொல்லுங்க. ஆர்த்தோ ஃபர்ஸ்ட் இயர்ல அந்த மனுசன் வீட்டுல எத்தனை மணி நேரம் இருப்பாரு?

டூட்டி ரூம்:
உண்மையைச் சொன்னா, முதல் ஆறு மாசம் வீட்டுக்கு வர்றதே குளிக்கத்தான். பிஜி மெடிக்கல் படிப்புக்கான 2023 ரெகுலேஷன்ல வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு, வருஷத்துக்கு 20 நாள் லீவுன்னு இருக்கு. எங்க யூனிட்ல அந்த ஒரு நாளும் ரவுண்ட்ஸ் முடிச்சிட்டுத்தான். போன மாசம் எங்கம்மை ஊர்ல இருந்து மரச்சீனிக்கிழங்கும் மட்டிப்பழமும் குடுத்து விட்டாங்க, நான் பார்சலைப் பிரிக்கும்போது பழம் கறுத்து பொட்டலத்தோட ஒட்டியிருந்துச்சு. மூணு நாளா ரூமுக்கே போகல. ஆனா அதனாலதான் குடும்பம் பக்கத்துல வேணும். ஒத்தைக்கு இருந்தவனுங்க உடைஞ்சு போனதை நான் பாத்திருக்கேன்.

வில்லுக்குறி வாசி:
போதும், போதும். கேட்டுக்கிடுங்க எல்லாரும். குளிக்க மட்டும் வீட்டுக்கு வர்ற ஒருத்தருக்காக, வாரம் முழுக்க கூட இருக்கிற பெத்த அப்பனை விட்டு பயலை 700 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டு போறாங்க. இதைத்தான் "ஒரு ராத்திரி ரயில்"ங்குது.

குழித்துறை ஜங்ஷன்:
அப்போ அந்தப் பிள்ளை என்ன செய்யணும்? கட்டின புருஷன் அங்க, இவ இங்க, அப்படித்தானே. ஆம்பளை வேலைக்கு வெளிநாடு போனா 'குடும்பத்துக்காக'ன்னு சொல்லுவீங்க. நம்ம ஜில்லாவுல கல்ஃப்ல இருக்கிற எத்தனை அப்பன்மார் பிள்ளையை வருஷத்துக்கு ஒரு தடவை பாக்கான்? அவங்ககிட்ட போய் ரயில் கணக்கு சொல்லுங்களேன். ஒரு பொம்பளை மூணு வருஷம் சென்னைக்கு போனா மட்டும் ஊரே டைம்டேபிள் தூக்கிட்டு வருது. மூணே வருஷம்!

வில்லுக்குறி வாசி:
மூணே வருஷமா? படிப்பு மூணு. அதுக்கப்புறம் கவர்மென்ட் வேலை பாத்தே ஆகணும்ங்கிற பாண்டு. அதுக்கப்புறம் "ஆர்த்தோல ஒரு ஃபெலோஷிப் பண்ணினாத்தான் மதிப்பு"ன்னு ஒரு வருஷம். எட்டு வயசு பயலுக்கு மீசை முளைச்சிரும். கல்ஃப்காரன் கதை வேற, அவன் கோர்ட்டுல கையெழுத்து போட்டுட்டு போகல.

வடசேரி வக்கீல் குமாஸ்தா:
அந்தக் கையெழுத்து போட்ட பேப்பர்ல என்ன இருக்குன்னுதான் நானும் கேக்கேன்.

கோட்டாறு சந்தை:
குமாஸ்தா சாருக்கு யாராச்சும் ஒரு சாயா சொல்லுங்கப்பா. தாத்தா, 56ல நம்ம கன்னியாகுமரி ஜில்லா தமிழ்நாட்டோட சேந்தது மறந்து போச்சா, இன்னும் 'மெடிக்கல் காலேஜ்னா திருவனந்தபுரம்'னுக்கிட்டு. நம்ம ஆசாரிப்பள்ளத்துல இருக்கிற மெடிக்கல் காலேஜ் என்ன, மாட்டாஸ்பத்திரியா?

பழைய திருவிதாங்கூர்:
1956 நவம்பர் 1, தேதியோட சொல்லுவேன். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு. நாலு தாலுகா சேருகதுக்கு எனக்க அப்பா ஊர்வலம் போனவரு. எனக்கு நீ பாடம் எடுக்காண்டாம் லேய்.

கோட்டாறு சந்தை:
செங்கோட்டையை விட்டாச்சு தாத்தா. அதுவும்தான் அன்னைக்கு வந்துச்சு.

பழைய திருவிதாங்கூர்:
அது திருநெல்வேலி ஜில்லாவுக்கு போச்சு, நம்ம ஜில்லா நாலுதான். சவம், பேசத் தெரியாம வந்துட்டான்.

குழித்துறை ஜங்ஷன்:
ராத்திரி ரயில் வேணும்னாலும் அனந்தபுரி இருக்கு, குழித்துறையிலயே இறங்கலாம். போன பெரிய லீவுக்கு எனக்க அக்கா பிள்ளைங்க அதுலதான் வந்துச்சுங்க, சந்தோஷமா. பிள்ளைங்களுக்கு ரயில் பிடிக்கும் அண்ணே, உங்களுக்குத்தான் பிடிக்கல.

வில்லுக்குறி வாசி:
உங்க அக்கா பிள்ளைங்க வருஷத்துக்கு ஒரு தடவை அம்மைகூட வருதுங்க. அது டூர். இது மாசத்துக்கு ரெண்டு தடவை. அப்புறம் டிக்கெட்? முன்னே 120 நாளைக்கு முன்னாடி புக் பண்ணலாம், 2024 நவம்பர்ல இருந்து 60 நாள்தான். பொங்கலுக்கும் கிறிஸ்மஸுக்கும் நாகர்கோவில் வண்டியில கண்ணை மூடி திறக்கதுக்குள்ள வெயிட்டிங் லிஸ்ட். அந்த டாக்டருக்கு டூட்டி போடுறது மாசக் கடைசியில, அதைப் பாத்துட்டு இந்தம்மா டிக்கெட் எடுக்கணும், அப்பன் இங்க ஸ்டேஷன்ல காத்துக் கிடக்கணும். மண்டைக்காடு கொடைக்கு நம்ம ஜில்லாவுல லீவு, கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு லீவு. சென்னை ஸ்கூல்ல குடுப்பானா? பயலுக்கு அப்பன் வீட்டுல சைக்கிள் இருக்கு, ஃப்ரெண்டு இருக்கான், ஞாயித்துக்கிழமை குளத்துல நீச்சல் பழகுறான். இதெல்லாம் ஒரு ராத்திரி ரயில்ல ஏறி வருமா?

குழித்துறை ஜங்ஷன்:
இருங்க. சைக்கிள், குளம், நீச்சல். நான் குரூப்புல இதெல்லாம் எழுதவே இல்லியே. உங்களுக்கு எப்படித் தெரியும்?

கோட்டாறு சந்தை:
அய்யோ 🍿

டூட்டி ரூம்:
வில்லுக்குறி அண்ணே, நீங்க அந்தப் பையனோட அப்பாவா?

வில்லுக்குறி வாசி:
நான் யாராயிருந்தா உங்களுக்கென்ன. அவனுக்க அப்பன் எனக்க கூட்டுக்காரன், அவ்வளவுதான். பேச்சை மாத்தாதீங்க.

குழித்துறை ஜங்ஷன்:
கூட்டுக்காரராம். 'வந்து பாத்துக்கட்டும்'னு நான் எழுதினது இப்போ வாபஸ் இல்ல, இன்னொரு தடவை எழுதுதேன். வந்து பாத்துக்கட்டும். நாலு வருஷத்துல பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு எத்தனை தடவை வந்தாருன்னு உங்க கூட்டுக்காரர்கிட்ட கேளுங்க. ஸ்கூல்ல இருந்து வில்லுக்குறிக்கு ரயில் வேண்டாம், டவுன் பஸ் போதும்.

வில்லுக்குறி வாசி:
அந்த மீட்டிங் வச்சது புதன்கிழமை 11 மணிக்கு. வேலையில இருக்கிறவன் எப்படி வருவான்? அதை முன்கூட்டி சொல்லவும் இல்ல, டைரியில எழுதின பக்கத்தை காட்டவும் இல்ல.

வடசேரி வக்கீல் குமாஸ்தா:
யார் அப்பாவா இருந்தாலும் சரி, ஆர்டரோட நாகர்கோவில் கோர்ட்டுக்கு வந்து அவங்க கிளம்புறதுக்கு முன்னாடி மனு போடச் சொல்லுங்க. போன பிறகுன்னா, பிள்ளை சாதாரணமா எங்க வசிக்குதோ அங்கதான் கேஸுன்னு எதிர்தரப்பு அதே கார்டியன்ஸ் சட்டத்துல 9வது பிரிவை எடுத்துட்டு வருவாங்க. பயலுக்கு விவரம் இருந்தா ஜட்ஜ் அவன்கிட்டயும் கேப்பாரு.

பழைய திருவிதாங்கூர்:
65 கிலோமீட்டர். நான் சொன்னதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

குழித்துறை ஜங்ஷன்:
குமாஸ்தா சார், அதைத்தான் அவளும் வக்கீல்கிட்ட கேட்டுட்டு இருக்கா. நான் கிளம்புதேன், அடுப்புல சாதம் கிடக்கு.

வில்லுக்குறி வாசி:
போங்க, போங்க. போறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும். வந்தே பாரத்ல நாகர்கோவில் ஏறுறது சனியா ஞாயிறான்னு உங்க ஃப்ரெண்டுகிட்ட கேட்டு எழுதுங்க. அப்புறம் பயலுக்க நீச்சல் டவல் அம்மை வீட்டு பேக்ல கிடக்கு, நீலக் கலர். வெள்ளிக்கிழமை குடுத்து விடச் சொல்லுங்க.