நாகமலை ஹில்லா, ரிட்ஜா?

கேள்வி: மதுரை பக்கத்தில் நாகமலை அடிவாரத்து ஊரான நாகமலை புதுக்கோட்டையில் இருக்கிறோம். மகள் ஆங்கிலக் கட்டுரையில் "வி லிவ் நியர் எ ரிட்ஜ்" என்று எழுதியிருக்கிறாள். ஹில் என்று மாற்றச் சொல்லலாமா?

பதில்: மாற்றாதீங்க அக்கா, அழகா எழுதியிருக்கிறாள்! நாகமலை கிலோமீட்டர் கணக்கில் நீண்டு கிடக்கிறது, உச்சி கோடாக ஓடுகிறது. அதுதான் ரிட்ஜ். ஒத்தக்கடை யானைமலை தனியாக நிற்கிற பாறை, அதற்கு ஹில் போதும். நான் டியூஷனில் இன்னொன்றும் சொல்வேன்: "வி வாக்ட் அலாங் தி ரிட்ஜ்" என்றால் உச்சி வழியாகவே நடந்தோம் என்று அர்த்தம். அடிவாரத்து ரோட்டில் நடந்துவிட்டு அப்படி எழுதக் கூடாது.

இன்னொரு பதில்: ஓட்டு வீட்டு முகட்டுக்கும் ஆங்கிலத்தில் ரிட்ஜ்தான்.

கேட்டவர்: சரி தம்பி, அப்படியே விடச் சொல்கிறேன். அப்புறம், கீழக்குயில்குடி சமணர் மலை?

பதில்: அது ஹில், அக்கா.