ஞானஸ்நானப் பதிவேட்டில் ‘நாத்தும்’: ஆண்பாலா, அஃறிணையா?

கேள்வி (புதுச்சேரி):
வணக்கம். என் பாட்டனாரின் ஞானஸ்நானப் பதிவு லத்தீனில் உள்ளது. ‘பிறந்த’ என்று பொருள்படும் சொல்லுக்கு ‘நாத்துஸ்’ ஆண்பால், ‘நாத்தா’ பெண்பால், ‘நாத்தும்’ அஃறிணை என்று படித்திருக்கிறேன். ஆனால் பதிவில் அவர் பெயரை அடுத்து ‘நாத்தும்’ என்றிருக்கிறது. எழுதியவர் பிழை செய்தாரா?

மறுமொழி 1 (கடலூர்):
பிழையன்று, ஐயா. அதற்கு முன் ‘பப்திஸாவி’, அதாவது ‘ஞானஸ்நானம் கொடுத்தேன்’, என்ற வினை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் குழந்தையின் பெயர் செயப்படுபொருளாகி இரண்டாம் வேற்றுமை ஏற்கும். லத்தீனில் எச்சச்சொல்லும் பெயரோடு பால், எண், வேற்றுமை மூன்றிலும் ஒத்துப்போக வேண்டும் என்பதால், ‘நாத்துஸ்’ ‘நாத்தும்’ எனவும் ‘நாத்தா’ ‘நாத்தாம்’ எனவும் மாறும். அஃறிணை எழுவாய் வடிவமும் ‘நாத்தும்’ என்றே ஒலிப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

மறுமொழி 2 (புதுச்சேரி):
நம் ‘பிறந்த’ என்னும் பெயரெச்சம் மகனுக்கும் மகளுக்கும் மாறுவதில்லை; ஆகவே ‘பிறந்தவனை’, ‘பிறந்தவளை’ என்ற வினையாலணையும் பெயரோடு ஒப்பிடுவதே பொருத்தம் என்பது என் எண்ணம். ‘நாத்துஸ்’ என்பதன் வினையான ‘நாஸ்கோர்’ செயப்பாட்டு வடிவில் நின்று செய்வினைப் பொருள் தருவது. ‘பிறக்கவிருக்கும்’ என்பதற்கு ‘நாஸ்கித்தூருஸ்’ என்ற எதிர்கால எச்சமும் அதற்கு உண்டு.

கேட்டவர்:
நன்றி. ‘பப்திஸாவி’ முதல் வரியிலேயே இருக்கிறது.