மருமகனுக்கு 26,000 பவுண்டு சம்பளம்: மகளுக்கு விசா கிடைக்குமா?

பாளையங்கோட்டைத் தகப்பன்:
பிரிட்டனில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்ற மருமகனின் ஆண்டுச் சம்பளம் 26,000 பவுண்டு. மனைவியை அழைக்க 29,000 வேண்டும் என்கிறார்கள். இங்கே ஆசிரியையாக இருக்கும் மகளின் சம்பளத்தையும் சேர்த்துக் காட்டலாமா? இயலாதெனில், அம்பாசமுத்திரத்தில் என் பெயரிலுள்ள ஒரு கோட்டை விதைப்பாடு வயலை விற்றுக் கொடுக்கலாமா?

தென்காசிக்காரர், இப்போது லண்டனில்:
அண்ணாச்சி, 2012 ஜூலையில் 18,600 பவுண்டாக வந்த இந்த வரம்பு, 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 ஆயிற்று. இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கும் மகளின் சம்பளம் கணக்கில் வராது. சேமிப்பு வரும், குறைகிற தொகையை இரண்டரையால் பெருக்கி, அதனுடன் 16,000 கூட்ட வேண்டும். உங்களுக்குக் குறைவது 3,000 என்பதால், 23,500 பவுண்டு வங்கியில் இருக்க வேண்டும்.

மேலப்பாளையம் வாசகர்:
வயல் உங்கள் பெயரில் இருப்பதுதான் சிக்கல். நீங்கள் கொடுக்கும் பணம், கடனாக அல்லாமல் அன்பளிப்பாக, மகள் அல்லது மருமகன் கணக்கில் விண்ணப்பத்துக்கு முன் ஆறு மாதம் குறையாமல் கிடக்க வேண்டும். என் தம்பி தன் மனைவிக்காக விண்ணப்பிக்கவிருந்தபோது, தங்கை வளைகாப்புக்கென்று நடுவில் கொஞ்சம் எடுத்துவிட, ஆறு மாதத்தையும் முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. பத்திரம் முன்பே மகள் பெயரில் இருந்திருந்தால், விற்ற பணத்தை அந்தக் காத்திருப்பு இல்லாமலே காட்டியிருக்கலாம்.

தென்காசிக்காரர்:
விற்பதற்கு முன், மருமகனுக்குச் சம்பள உயர்வு கிடைக்குமா என்று கேளுங்கள். அதே நிறுவனத்தில் 29,000 கணக்கில் ஆறு மாதச் சம்பளச் சீட்டும், அதற்கு ஒத்துப்போகும் வங்கி அறிக்கையும், நிறுவனத்தின் கடிதமும் போதும். இரண்டு வழியிலும் காத்திருப்பு ஒன்றுதான், இதில் வயல் மிஞ்சும்.

பாளையங்கோட்டைத் தகப்பன்:
இன்றிரவே அவரிடம் பேசுகிறேன். பிசான அறுவடை வரை கிரயப் பேச்சு வேண்டாம்.