பாலிகார்பனேட் மூடியில் தங்கிய தகைவு: போலரைசேஷன் கேமரா போதுமா?

அச்சுக்காரன்:
இன்ஜெக்ஷன் மோல்டிங்ல கண்ணாடி மாதிரி தெளிவான பாலிகார்பனேட் மூடி போடுறோம். திருகு ஏறுற ஓரத்துல கொஞ்ச நாள்ல மயிரிழை வெடிப்பு விழுது. ரெண்டு போலரைசர் தாளை (ஒரே திசையில அதிர்ற ஒளியை மட்டும் விடுற தாள்) குறுக்கே வச்சு நடுவுல மூடியைப் பிடிச்சா, கேட் பக்கம், அதாவது உருகின பிளாஸ்டிக் உள்ளே நுழையுற இடத்துல, வண்ணப்பட்டைங்க நெருக்கியடிச்சு நிக்குது. ஆனா கண்ணால பார்த்து ‘பாஸ், ரிஜெக்ட்’னு சொன்னா ஷிப்டுக்கு ஷிப்டு தீர்ப்பு மாறுது. எனக்கு எண் வேணும். பிக்சல் மேலேயே போலரைசர் பதிச்ச கேமரா வாங்கிட்டா மூடிக்குள்ள தங்கிப்போன தகைவை, அதாவது உள் இறுக்கத்தை, நேரா காட்டிடுமா?

கால்அலை:
கேமராவை மட்டும் வாங்கினா காட்டாதுங்க. சோனி ஐஎம்எக்ஸ்250 வகை சென்சார்ல 0, 45, 90, 135 டிகிரின்னு நாலு திசை ஒரே ஷாட்டுல கிடைக்கும். பளபளப்பான பரப்புல கீறல் தேட அருமையான சாமான். உங்க வேலைக்கு ஒளி மூடியை ஊடுருவி வரணும், கீழிருந்து வர்ற ஒளி வட்டப் போலரைசேஷன்ல இருக்கணும், அதாவது அதோட அதிர்வுத் திசை சுத்திக்கிட்டே வரணும். போலரைசருக்கு மேல கால் அலைத் தகடு வச்சா அப்படி ஆகும்.

ஏன்னா நேர் போலரைசர்ல மூடியைக் கொஞ்சம் திருப்பினாலே கருப்புப் பட்டை இடம் மாறும். அது தகைவோட திசையைச் சொல்றது, அளவை இல்ல. உங்க ஷிப்டு சண்டையில பாதி இதுவாத்தான் இருக்கும். வட்ட ஒளி விட்டா அந்தப் பட்டை மறைஞ்சிடும். நேர் போலரைசேஷன் எவ்வளவு வெளியே வருதோ, அது தாமதக் கோணத்தோட சைன். (தாமதம்னா, மூடிக்குள்ள போகும்போது ஒரு திசை அதிர்வு இன்னொண்ணை விட எவ்வளவு பின்தங்குதுங்கிறது.) திசையும் கூடவே கிடைக்கும்.

சிக்கல் என்னன்னா, சைன் ஏறி இறங்கும். 520 நானோமீட்டர் பச்சை ஒளின்னா 130 நானோமீட்டர் தாமதம் வரைக்கும்தான் எண்ணை நம்பலாம், அதாவது கால் அலை. அக்ரிலிக்குக்கு அது தாராளம். பாலிகார்பனேட் அதைச் சட்டுனு தாண்டிடும். கேட் பக்கம் ஒரே நிற ஒளியில பட்டையை எண்ணுங்க, பட்டைக்குப் பட்டை ஒரு அலைநீளத் தாமதம். கேமராவைத் திருகு ஓரத்துக்கு வச்சுக்கங்க.

இன்னொண்ணு: கிடைக்கிறது ரெண்டு முதன்மைத் தகைவுகளோட (ஒண்ணுக்கொண்ணு செங்குத்தான திசையில இருக்கிற அதிகபட்ச, குறைந்தபட்சத் தகைவு) வித்தியாசம், அதுவும் முழுத் தடிமனுக்கும் சேர்த்து. மேல்தோல் அழுத்தத்துலயும் நடு இழுவிசையிலயும் இருந்தா ஒண்ணையொண்ணு தின்னுடும். உருகி ஓடும்போது மூலக்கூறு வரிசைப்பட்டாலும் இதே நிறம் வரும்.

நுண்நோக்கி:
நான் பேத்தாலஜி லேப்ல இருக்கேன். கால்அலை சொன்ன இழுவிசை, அழுத்தம் விஷயத்துல எது எதுன்னு பிரிக்கிற மாதிரி கேள்வியைத்தான் நாங்க தினமும் வேற மாதிரி கேட்கிறோம். மூட்டு நீர்ல ஊசி மாதிரி படிகம் தெரிஞ்சா, அது யூரேட்டா கால்சியம் பைரோபாஸ்பேட்டா? ரெட் கம்பென்சேட்டரை (தெரிஞ்ச அளவு தாமதம் கூட்டற தகடு) செருகி, அதோட மெது அச்சுக்கு, அதாவது ஒளி மெதுவாப் போற அதிர்வுத் திசைக்கு, இணையா படிகம் படுத்திருக்கும்போது மஞ்சளாத் தெரிஞ்சா யூரேட், கவுட். நீலமா இருந்தா மற்றது. மெக்கார்ட்டியும் ஹாலாண்டரும் 1961ல யூரேட்டை இப்படிக் காட்டினாங்க. அதே கம்பென்சேட்டரை உங்க மூடிக்கும் வச்சுப் பார்க்கலாம். கூட்டற பக்கம் எது, கழிக்கிற பக்கம் எதுன்னு நிறமே சொல்லிடும்.

அச்சுக்காரன்:
அட, இது தெரியவே தெரியாது. கேட் பக்க நிறம் தகைவா, ஓட்டத்தால வந்ததான்னு எப்படிப் பிரிக்கிறது?

கால்அலை:
நாலஞ்சு மூடியை அனீல் பண்ணி, அதாவது உருகாத அளவுக்குச் சூடாக்கி மெதுவா ஆறவிட்டு, முன்னும் பின்னும் ஒரே இடத்துல அளங்க. எவ்வளவு குறைஞ்சுதோ அது தகைவு. மிச்சம் பெரும்பாலும் ஓட்டத்துது, அதுக்கு இன்ஜெக்ஷன் வேகத்தையும் மோல்டு சூட்டையும் பாருங்க. கால் அலைத் தகடு வாங்கும்போது எல்இடி அலைநீளத்தைச் சொல்லி வாங்குங்க. வெள்ளை ஒளிக்கு அது சரிப்படாது.