‘ஸ்டிக்ஷன்’ – ஒட்டுராய்வா, ஒட்டுப்பிடிப்பா?

குழுவினருக்கு வணக்கம்.

தொட்டுக்கொண்ட இரண்டு பரப்புகள் ஒட்டி, அசையாமல் நிற்பதுதான் ஸ்டிக்ஷன். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு ‘ஒட்டுராய்வு’ என்று இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மெம்ஸ் எனப்படும், சிலிக்கான் சில்லில் செதுக்கும் நுண்ணெந்திரங்களுக்குப் பொருந்தவில்லை. உராய்வு என்றதும் வியாசர்பாடி லேத் பட்டறையில் கை எண்ணெய்க் குப்பிக்குப் போகும். இங்கே திரவம்தான் வில்லனே.

சிலிக்கான் தகட்டின் மேல் 2 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு) ஆக்சைடு, அதற்கு மேல் 2 மைக்ரான் பாலிசிலிக்கான். மேலடுக்கைக் கம்பியாக வெட்டி, அடியிலுள்ள ஆக்சைடை ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தில் கரைத்தால், ஒரு முனை மட்டும் பிடிமானமுள்ள கம்பி அந்தரத்தில் நிற்கும். பிறகு தண்ணீரில் அலசுவார்கள். காயும்போது இடுக்கில் மாட்டிய கடைசி ஈரம் கம்பியைத் தரைக்கு இழுத்துவிடும். தொட்ட கம்பி, ஈரம் போன பின்பும் எழாது. நீளம் பத்தில் ஒரு பங்கானால் பரப்பு நூறில் ஒன்று, எடை ஆயிரத்தில் ஒன்று. அந்த அளவில் எடைக்கு மதிப்பில்லை, எல்லாம் பரப்பு விசைதான். நுண்ணோக்கியில் பார்த்தால் நல்ல கம்பி நுனிவரை ஒரே ஃபோகஸில் தெரியும். சிக்கியதன் நுனி மட்டும் தரையோடு சேர்ந்து தெளியும்.

பாரிமுனைப் பக்கம் கண்ணாடி அறுக்கிற கடைக்காரரைக் கேளுங்கள். நனைந்த இரண்டு கண்ணாடிகளை மேலே தூக்கிப் பிரிக்க முடியாது. பக்கவாட்டில் தள்ளினால் வழுக்கிக்கொண்டு வரும். உராய்வு என்றால் தள்ளும்போதல்லவா தடுக்க வேண்டும்?

‘ஒட்டுப்பிடிப்பு’ என்று வைக்கலாம். மூச்சுப்பிடிப்பு, வாயுப்பிடிப்பு போல, அசைய வேண்டியது அசையாமல் நிற்கும் பொருளும் வந்துவிடுகிறது.

– தண்டையார்பேட்டை

ஐயா, கண்ணாடி உதாரணம் பலே. ஆனால் பழைய ஹார்ட் டிஸ்கில் தகவலைப் படிக்கும் தலை தட்டோடு ஒட்டி மோட்டார் சுற்றாமல் நிற்பதும் ஸ்டிக்ஷன்தான். அங்கே தடை பக்கவாட்டில்தான். அதற்கு ‘ஒட்டுராய்வு’ இருக்கட்டும், நுண்ணெந்திரத்துக்கு உங்கள் சொல்.

இன்னொன்று. 2001இல் வேதியியலாளர் ரிச்சர்ட் ஸ்மாலி, அணுக்களை ஒவ்வொன்றாக அடுக்கும் நானோ எந்திரம் நடக்காது என்று வாதிட்டபோது, எடுத்த அணு எந்திரத்தின் விரலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதை ஒரு காரணமாகச் சொன்னார். அது வேதிப்பிணைப்பு. தானே பெருகி உலகை விழுங்கும் எந்திரம் என்ற பீதிக்கும் அதுவே அவர் பதில். அதையும் ‘ஒட்டுப்பிடிப்பு’ என்று எழுதிவிட வேண்டாம், ‘அணுவொட்டல்’ போதும்.

– திருவொற்றியூர்

இரண்டுக்கும் சம்மதம். ஆனால் சொல் கிளை விட வேண்டும். ‘பிடிப்புத் தடுப்புப் பூச்சு’, ‘பிடிப்பு நீக்கல்’ இரண்டும் இயல்பாக வருகின்றன. கம்பியின் அடியில் தொடுபரப்பைக் குறைக்க வைக்கும் சிறு மேட்டை ‘முகிழ்’ எனலாம். கரைந்துபோகும் ஆக்சைடை ‘தியாக அடுக்கு’ என்பதைத் தயவுசெய்து விடுங்கள். கூரைக்கு முட்டுக் கொடுத்து, கான்கிரீட் இறுகியதும் பிரிப்பதில்லையா? ‘முட்டடுக்கு’.

உலர்த்தும் முறையையும் குறிப்பில் சேர்க்க வேண்டும். தண்ணீரை ஆல்கஹாலால் மாற்றி, அதைத் திரவக் கார்பன் டை ஆக்சைடால் மாற்றி, 31 டிகிரிக்கும் சுமார் 73 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலே கொண்டுபோனால் திரவத்துக்கும் வாயுவுக்கும் இடையே எல்லையே இருக்காது, இழுக்கவும் ஆளில்லை. பிறகு சூடு குறையாமல் மெதுவாக அழுத்தத்தை இறக்கலாம். ஆல்கஹாலில் தண்ணீர் மிச்சமிருந்தால் அது திரவக் கார்பன் டை ஆக்சைடில் சரியாகக் கலக்காமல் தங்கி, மறுபடி ஒட்டவைக்கும். இதற்கு ‘நிலைமாறு உலர்த்தல்’.

இத்தனை செய்தும், வேலை செய்யும்போது இரு பரப்புகள் மோதி ஒட்டலாம். காரின் காற்றுப்பை உணரியில் இப்படி நடந்தால் விபத்தின்போது பை விரியாமல் போகலாம்; அதனால்தான் மின்விசையால் தன் கம்பியைத் தானே அசைத்துப் பார்க்கும் சோதனையைச் சில்லுக்குள்ளேயே வைக்கிறார்கள். ‘தற்சோதனை’ ஏற்கெனவே பட்டியலில் உண்டு.

ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்துக்கு மட்டும் புதுச்சொல் வேண்டாம். நீர்த்த கரைசல் பட்டால் முதலில் எரியக்கூட எரியாது; தோலுக்குள் இறங்கி உடலின் கால்சியத்தைப் பிடுங்கும். புட்டியைத் திறக்குமுன் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். புட்டி மேல் ஒட்டியிருக்கும் பெயரும் நம் பட்டியலில் உள்ள பெயரும் ஒன்றாகவே இருக்கட்டும்.

– ராயபுரம்