போன் −70 மீற்றர் காட்டுது: கிளிநொச்சி கடலுக்குக் கீழயோ?

குளக்கட்டான்: வாய்க்காலுக்குச் சரிவு பாப்பம் எண்டு போனில ஒரு ஜிபிஎஸ் செயலி போட்டன். கிளிநொச்சியில வயல் வரம்பில நிண்டால் உயரம் −70 மீற்றர் எண்டு காட்டுது. இதென்ன கூத்து?

முறிகண்டியான்: போன் பழுது அண்ணை. உலகத்திலயே ஆகத் தாழ்ந்த நிலம் சாக்கடல் கரை, அது −430 அளவில. நீங்கள் −70 இல நிண்டால் முல்லைத்தீவுக் கடல் எப்பவோ வயலுக்குள்ள வந்திருக்கும்.

மாங்குளத்து வாத்தி: பழுதில்லை தம்பி. ஜிபிஎஸ்ஸுக்குக் கடல் தெரியாது. துருவத்தில தட்டையான ஒரு வழுவழுப்பான உருண்டையைக் கற்பனை பண்ணி, அதிலயிருந்துதான் உயரம் எடுக்கும். உண்மையான கடல்மட்டம் ஈர்ப்புக்கு ஏத்தபடி மேடும் பள்ளமுமாக் கிடக்கு. அதில உலகத்திலயே பெரிய பள்ளம் எங்கட தீவுக்குத் தெற்கால, இந்து சமுத்திரத்தில. 106 மீற்றர் தாழ்வு! வன்னியும் அந்தப் பள்ளத்துக்குள்ளதான், இங்க தாழ்வு 90 சொச்சம் மீற்றர். −70 ஓட அந்த 90 சொச்சத்தைக் கூட்டுங்கோ, இருபது சொச்சம் வரும். கிளிநொச்சிக்கு அது பொருந்தும்.

முறிகண்டியான்: அப்ப எவரெஸ்ட் 8,848 எண்டு பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறதும் பொய்யோ சேர்?

மாங்குளத்து வாத்தி: எங்கயிருந்து அளக்கிறம் எண்டதுதான் கதை. இரணைமடுக் குளத்தில 36 அடி தண்ணி எண்டால் அது கடலிலயிருந்து அளந்ததோ? பூமியின்ர நடுவிலயிருந்து பாத்தால் எவரெஸ்டுக்கு முதலிடம் இல்லை. ஈக்குவடோரில இருக்கிற சிம்பொராசோ மலைக்குத்தான். உயரம் 6,263 மீற்றர்தான், ஆனால் மத்திய கோட்டுக்குப் பக்கத்தில, பூமி பிதுங்கின இடத்தில நிக்குது. நடுவிலயிருந்து எவரெஸ்டை விட 2 கிலோமீற்றர் கூடத் தூரம்.

முறிகண்டியான்: பிதுங்கினது மலை மட்டுமே? கடலும் சேந்தெல்லோ பிதுங்கினது. உங்கட கணக்கில அலாஸ்காவில 6,190 மீற்றர் தெனாலி மலையை விட மாங்குளம் சந்தி 10 கிலோமீற்றர் உயரம்! சந்தியில ஆராவது மூச்சுத் திணறி விழுந்தவையோ? எவரெஸ்ட் உச்சியில காத்தமுக்கம் கடற்கரையில இருக்கிறதில மூண்டில ஒண்டுதான். சிம்பொராசோவில ஒட்சிசன் போத்தல் இல்லாமலே சனம் ஏறுது. காத்தும் தண்ணியும் உங்கட பூமி நடுவை மதிக்கிறேல்லை.

மாங்குளத்து வாத்தி: மூச்சுக்கு அது சரி. ஆனால் செய்மதிக்கு நடுதான் கணக்கு. ஆழத்தையும் பாருங்கோ: மரியானா அகழி 10,900 மீற்றருக்குக் கிட்ட, ஆனால் ஆர்க்டிக் சமுத்திரத்தில 5,500 மீற்றர் ஆழமான அடிதான் பூமி நடுவுக்கு இன்னும் கிட்ட. துருவம் தட்டை எண்டபடியால்.

குளக்கட்டான்: ரெண்டு பேரும் மலையேறி முடிஞ்சால் என்ர வாய்க்காலையும் ஒருக்கால் பாருங்கோ.

முறிகண்டியான்: போனை வைச்சு வாய்க்கால் வெட்டாதேங்கோ அண்ணை. நிண்ட இடத்திலயே உயரம் சில மீற்றர் ஏறி இறங்கும், உங்களுக்கு வேண்டியது அங்குலக் கணக்கு. மேசன்மாரிட்டத் தெளிஞ்ச ரியூப் ஒண்டு வாங்கித் தண்ணி விட்டுப் பிடியுங்கோ. நீளத்துக்குத் துண்டு துண்டாப் பிடிச்சுக்கொண்டு போகலாம், ரியூப்புக்குள்ள காத்துக்குமிழி நிண்டால் மட்டம் பிழைச்சுப்போகும், கவனம்.