பரிந்துரைக் கடிதம்: "நீயே எழுதிட்டு வா" என்கிறார் சார். வெள்ளி கடைசி நாள், உதவுங்கள்!

மின்மினி: வணக்கம், ரொம்ப அவசரம். கோடைக்கால ஆராய்ச்சிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன், கடிதம் மட்டும் பாக்கி. சாரைக் கேட்டால், "நீயே டைப் பண்ணி எடுத்துட்டு வா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்கிறார். யாரிடமாவது மாதிரிக் கடிதம் இருந்தால் போடுங்கள் ப்ளீஸ்.

கொங்கு வாசி: எந்தத் திட்டம்? என்ன படிப்பு, எந்த ஆண்டு? கடிதத்தை இணையத்தில் நீங்கள் ஏற்ற வேண்டுமா, ஏற்றுவதற்கான இணைப்பு சாருக்கே மெயிலில் போகுமா? இது தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது.

தாமரை: அமெரிக்காவில் இளநிலை மாணவர்களுக்கு நடக்கும் ஆர்.இ.யூ. ஆராய்ச்சித் திட்டம் என்றால் முதலில் தகுதியைப் பாருங்கள். அந்த நாட்டு தேசிய அறிவியல் அறக்கட்டளை தரும் உதவித்தொகை அங்குள்ள குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும்தான்.

பழைய பெஞ்ச்: இதே கேள்விக்கு இங்கே பலமுறை பதில் சொல்லியாகிவிட்டது. தேடிப் பார்க்கவே பொறுமை இல்லையென்றால் ஆராய்ச்சிக்கு எதற்குப் போகிறீர்கள்? துறைத்தலைவரிடம் வாங்குங்கள். பதவிக்குத்தான் மதிப்பு.

மின்மினி: மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டது. கனடாவில் போய் ஆராய்ச்சி செய்யும் மிடாக்ஸ் குளோபலிங்க் திட்டம். பி.இ. ஈ.சி.இ. மூன்றாம் ஆண்டு. விண்ணப்பத்தில் சாருடைய மெயில் கொடுத்திருக்கிறேன்.

ஆய்வக அக்கா: அப்படியென்றால் இணைப்பு அவருக்குத்தான் போயிருக்கும், ஏற்ற வேண்டியதும் அவரேதான். கையெழுத்துப் போட்ட தாளை வாங்கி வைத்துக்கொண்டு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. முதலில் ஸ்பேமில் பார்க்கச் சொல்லுங்கள்.

துறைத்தலைவர் யோசனை வேண்டாம். அவருக்கு உங்கள் முகமே தெரியாது என்றால் "ஒழுக்கமான, கடின உழைப்பாளி மாணவி" என்றுதான் எழுதுவார். எல்லாருக்கும் அதே வரி. பன்னிரண்டு வாரம் தன் ஆய்வகத்தில் வைத்துக்கொள்ளப்போகிற கனடாப் பேராசிரியருக்கு அதில் என்ன தெரியும்?

பழைய பெஞ்ச்: நம் ஊர் நடைமுறை தெரியாமல் பேசுகிறீர்கள். எல்லாக் கல்லூரியிலும் மாணவர்தான் எழுதுகிறார், ஆசிரியர் கையெழுத்துப் போடுகிறார்.

தாமரை: எல்லாரும் செய்வதால் சரியாகிவிடுமா? மாணவி தன்னைத் தானே புகழ்ந்து எழுதி இன்னொருவர் பெயரில் அனுப்புவது ஏமாற்றுதான். மாட்டினால் அடுத்து வரும் பிள்ளைகளுக்கும் அந்தக் கல்லூரிக் கடிதத்தை நம்ப மாட்டார்கள்.

சுண்ணாம்புக்கட்டி: நான் பாடம் எடுக்கிறவன். இன்டர்னல், ரெக்கார்டு, நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) கோப்பு என்று ராத்திரி வரை வேலை இருக்கும். அதற்காக மாணவரையே எழுதச் சொல்வதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் வெறும் கையோடு வந்து "லெட்டர் வேணும் சார்" என்றால் எனக்கும் எதுவும் நினைவுக்கு வராது. கடிதத்தை எழுதாதீர்கள் அம்மா, குறிப்பு எழுதிக் கொடுங்கள். அவரிடம் என்ன படித்தீர்கள், என்ன செய்தீர்கள், எது சொதப்பி எப்படிச் சரியானது என்று ஒரே பக்கம் போதும்.

ஆய்வக அக்கா: இதுதான் வழி. சாரிடம் மினி ப்ராஜெக்ட் ஏதாவது செய்தீர்களா?

மின்மினி: ஆமாம் அக்கா. மோட்டார் ஓடும்போதெல்லாம் சென்சார் அளவு தாறுமாறாகக் குதித்தது. மற்றவர்கள் புரோகிராமை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். நான் மோட்டாரின் கிரவுண்ட் ஒயரைத் தனியாகக் கொண்டுபோய் சப்ளையில் சேர்த்து, சிப் பக்கத்திலேயே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போட்டேன், அளவு குதிப்பது நின்றுவிட்டது. சார் பார்த்தார்.

ஆய்வக அக்கா: இதையேதான் எழுதிக் கொடுக்க வேண்டும்! கோளாறு புரோகிராமில் இல்லை, ஒயரில் இருக்கிறது என்று யோசித்த பிள்ளையைத்தான் ஆய்வகத்தில் தேடுவார்கள். நாளைக்கே நேரில் போங்கள். சார் இருக்கும்போதே இணைப்பைத் திறந்து காட்டுங்கள்.

பழைய பெஞ்ச்: இருந்தாலும் துறைத்தலைவர் கையெழுத்துக்குத் தனி எடை உண்டு.

தாமரை: எடை கையெழுத்தில் இல்லை ஐயா, உள்ளே இருக்கும் செய்தியில்.

மின்மினி: மெயில் ஸ்பேமில்தான் கிடந்தது. சார் குறிப்பைப் படித்துவிட்டு அவரே எழுதி ஏற்றிவிட்டார். எல்லாருக்கும் நன்றி.

கொங்கு வாசி: சந்தோஷம். உங்கள் விண்ணப்பப் பக்கத்தில் கடிதம் வந்துவிட்டதாகக் காட்டுகிறதா? அதையும் பார்த்துவிடுங்கள்.